கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் போதுமா?

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி நீங்களே பூட்டப்போகிறீர்கள். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி என்று தாளில் எழுதிக் கூட்டியாயிற்று. வைத்திருந்த பணம் ஏறக்குறைய அங்கேயே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது எஸ்எம்பிஎஸ். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ கேட்டால், "கேபினெட்டோடயே 450 வாட் வந்துடுது சார், தனியா எதுக்கு?" என்கிறார்கள். அங்கே தலையாட்டிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்எம்பிஎஸ் என்ன வேலை செய்கிறது? நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட் ஏசி மின்சாரம் (நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக ஓடுவது). கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு அது ஆகாது. அவற்றுக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட்டில் ஒரே திசையில் ஓடும் டிசி. அந்த மாற்றத்தைச் செய்யும் இரும்புப் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ்.

அதற்கு ஏன் இத்தனை கவலை? ரேம் கெட்டால் ரேம் மட்டும் போகும். எஸ்எம்பிஎஸ்ஸோ எல்லாப் பாகங்களோடும் கம்பியால் இணைந்திருக்கிறது. மட்டமான பெட்டி பழுதாகும்போது, 12 வோல்ட் போகவேண்டிய கம்பியில் அதைவிடக் கூடுதலாக அனுப்பிவிடக்கூடும். மதர்போர்டும் கார்டும் போனால் பணத்தோடு போயிற்று. ஹார்ட் டிஸ்க் போனால் அதில் இருந்த குடும்பப் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சரி, எத்தனை வாட் வேண்டும்? பலரும் பூட்டுகிற ஒரு செட்டையே எடுத்துக்கொள்வோம்: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. கார்டு 170 வாட். பிராசஸர் முழு வேகத்தில் ஏறக்குறைய 76 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஒரு 50 வாட். ஆகமொத்தம் 300 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

பிராசஸர் பெட்டியில் 65 வாட் என்றுதானே போட்டிருக்கிறது என்று கேட்பீர்கள். அது முழு வேகத்தின் கணக்கு அல்ல. இன்டெல் ஐ5-12400எஃப் அடிப்படையில் 65 வாட், உச்சத்தில் 117 வாட். ஐ7-14700கே 125 வாட் என்று தொடங்கி 253 வாட் வரை போகும். இன்டெல் தளத்தில் இரண்டு எண்ணும் இருக்கும். பெரிய எண்ணையே கணக்கில் எடுங்கள்.

அடுத்த சந்தேகம் வரும்: "300 வாட் போதுமென்றால் ஆர்டிஎக்ஸ் 3060க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்வது ஏன்?" முதல் காரணம், கார்டு சீராகச் சாப்பிடுவதில்லை. விளையாட்டில் ஒரு காட்சி மாறும்போது, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு, எழுதியிருக்கும் வாட்டைவிட மிக அதிகமாக இழுத்துவிட்டுத் தணியும். தாங்காத எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். என் அக்கா மகனின் கம்ப்யூட்டர் விளையாடும்போது மட்டும் திடீரென்று அணைந்து மறுபடி எழும். விண்டோஸை மூன்று முறை மாற்றிப் போட்டான். கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் நின்றது.

இன்னொரு காரணம் சூடு. பெட்டியில் எழுதிய வாட்டை எந்த வெப்பத்தில் சோதித்தார்கள் என்பது முக்கியம். நல்ல நிறுவனங்கள் 40 அல்லது 50 டிகிரியில் சோதித்து எழுதுகின்றன. சில மலிவுப் பெட்டிகள் 25 டிகிரிக் கணக்கைப் போட்டுக்கொள்கின்றன. சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத அறையில், மூடிய கேபினெட்டுக்குள் 25 டிகிரி எங்கிருந்து வரும்? அதனால் கணக்கிட்டதற்கு மேல் பாதியளவு கூட்டி வாங்குங்கள். 300 வாட் வந்தால் 450, வசதி இருந்தால் 550. கிராபிக்ஸ் கார்டு தயாரிப்பாளர் சொல்லும் எண் இதைவிடக் கூடுதல் என்றால் அதையே வையுங்கள்.

அப்படியென்றால் கேபினெட்டோடு வரும் 450 வாட் போதும் அல்லவா? அது உண்மையான 450 வாட்டாக இருந்தால் ஓரளவு போதும். இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதை நீங்களே, கடையிலேயே நின்று கண்டுபிடிக்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் கட்டம் போட்டு +3.3, +5, +12 வோல்ட் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஆம்பியர் (ஓடும் மின்சாரத்தின் அளவு) போட்டிருப்பார்கள். மற்றதை விட்டுவிட்டு +12க்குக் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள். இன்றைய பிராசஸரும் கார்டும் வாழ்வதே 12 வோல்ட்டில்தான். அந்த எண்ணைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். நல்ல 550 வாட் பெட்டியில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 540 வாட். அதாவது எழுதியதில் பெரும்பங்கு பயன்படும் இடத்திலேயே இருக்கிறது. பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டுவிட்டுக் கட்டத்தில் 15 ஆம்பியர் என்று இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது 180 வாட். நாம் பார்த்த செட்டில் கார்டு மட்டுமே 170 கேட்கிறது.

12 வோல்ட் வரிசை இரண்டாகப் பிரிந்து +12வி1, +12வி2 என்று இருந்தால் இரண்டையும் அப்படியே கூட்டாதீர்கள். அடியில் 12 வோல்ட்டுக்கு மொத்த வாட் தனியே எழுதியிருக்கும். அதுவே சரியான கணக்கு. ஸ்டிக்கரில் இந்தக் கட்டமே இல்லையென்றால் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

சிலருக்கு எதிர்ப்பக்கப் பயம் உண்டு: 750 வாட் வாங்கினால் மின்கட்டணம் ஏறுமா? ஏறாது. அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு. கம்ப்யூட்டர் 200 வாட் கேட்டால் 200தான் கொடுக்கும். பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டியதால் நாம் கூடுதலாகக் குளிப்பதில்லை. ஆனாலும் 300 வாட் செட்டுக்கு 1000 வாட் வாங்குவது வீண் செலவு. அந்தப் பணத்தில் ரேம் கூட்டலாம்.

80 பிளஸ் முத்திரை என்ன சொல்கிறது? சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதை மட்டுமே. பிரான்ஸ், கோல்டு, பிளாட்டினம் என்று படிகள் உண்டு. நடுத்தரச் சுமையில் பிரான்ஸ் சுமார் 85 விழுக்காடும், கோல்டு சுமார் 90 விழுக்காடும் உருப்படியாகக் கொடுக்கும். 300 வாட் ஓடும்போது இரண்டுக்கும் வித்தியாசம் 20 வாட். தினமும் நான்கு மணி நேரம் விளையாடினாலும் இரண்டு மாத பில்லில் 5 யூனிட்டைத் தாண்டாது. ஒரு யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் நாற்பது ரூபாய்க்குள்தான். எனவே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கோல்டு வாங்க வேண்டாம். ஆனால் முத்திரையே இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். முத்திரை வாங்க முனையாதவர் உள்ளே என்ன போட்டிருப்பார் என்று நமக்குத் தெரிய வழியில்லை. நல்ல பெயருள்ள நிறுவனத்தின் பிரான்ஸ் 550 அல்லது 650 வாட், பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு நிறைவானது என்பது என் தீர்ப்பு.

அட்டையில் ஓவிபி, ஓசிபி, எஸ்சிபி, ஓடிபி என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள் (முறையே வோல்ட் மீறினால், ஆம்பியர் மீறினால், ஷார்ட் ஆனால், சூடு மீறினால் தானே அணைந்துகொள்ளும் ஏற்பாடுகள்). முத்திரையைவிட இவை உங்கள் பாகங்களுக்கு அதிகம் உதவும்.

கேபிள்களுக்கு வருவோம். மதர்போர்டுக்கு 24 பின், பிராசஸருக்கு நான்கும் நான்குமாகச் சேரும் 8 பின், கார்டுக்கு ஆறும் இரண்டுமாகச் சேரும் 8 பின். உங்கள் கார்டு எத்தனை 8 பின் கேட்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். இரண்டு கேட்டால் இரண்டு தனிக் கேபிளில் கொடுங்கள். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரண்டு தலைகளைச் சொருகினால் அந்த ஒரு கேபிளே எல்லாச் சூட்டையும் தாங்கவேண்டும். 16 பின் கேட்கும் பெரிய கார்டு என்றால், அந்தக் கேபிளோடு வரும் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 எஸ்எம்பிஎஸ் வாங்குவது நல்லது. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இந்த 16 பின் முனை உருகிய சம்பவங்கள் நடந்தன. முனையை முழுக்கச் சொருகாததே பொதுக் காரணம் என்று தயாரிப்பாளர் விளக்கினார். இடைவெளி தெரியாதபடி அழுத்திச் சொருகுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) வாங்கினால், அதோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளும் இதில் கச்சிதமாகப் பொருந்தலாம். ஆனால் பெட்டிப் பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே என்பதற்குப் பொதுவிதி கிடையாது. 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். ஸ்விட்சைப் போட்ட நொடியில் எஸ்எஸ்டி கருகிவிடும்.

வீட்டில் யுபிஎஸ் இருக்கிறது, போதுமா? 600 விஏ என்று விற்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். மானிட்டரோடு சேர்த்தால் நம் 300 வாட் செட் அதன் விளிம்பைத் தொடுகிறது. விளையாடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணையலாம். 600 வாட் தரும் 1000 விஏ வாங்கினால் நிம்மதி. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். இன்வெர்ட்டரின் பின்புறம் உள்ள ஸ்விட்ச் யுபிஎஸ் பக்கம் இருக்கட்டும். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பில் தாக்குப்பிடிப்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதற்குள் இன்வெர்ட்டர் மாறியாக வேண்டும்.

இப்போது, பலர் கேட்டும் சரியான பதில் கிடைக்காத ஒன்று. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறதே, எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதா? பெரும்பாலும் இல்லை. உங்கள் பிளக் பாயின்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, இரண்டு கம்பிகளிலிருந்தும் இரும்புப் பெட்டிக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்கள்) இருக்கும். அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குப் போகவேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் முழுதும் 230இல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு விடுகிறது. ஆனால் உள்ளே ஒரு நாள் லைன் கம்பி பெட்டியில் பட்டுவிட்டால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வரும். அப்போது தொடுவது குழந்தையாகவும் இருக்கலாம்.

பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சோதித்துவிட்டுப் பிறகு எஸ்எம்பிஎஸ் வாங்கப் போங்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டரைக் கம்ப்யூட்டருக்கு ஒருபோதும் போடாதீர்கள்.

பூட்டும்போது, கேபினெட்டின் அடியில் வலை இருந்தால் எஸ்எம்பிஎஸ் விசிறி கீழே பார்க்கட்டும். வலை இல்லையென்றால் மேலே பார்க்கட்டும். அந்த வலையில் மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். பழைய பெட்டியின் பின்னால் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230இல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பிளக்கைச் சொருகுங்கள். 115இல் இருந்தால் வெடித்துவிடும்.

வாரண்டி எத்தனை ஆண்டு என்று கேட்டு, வரிசை எண் எழுதிய பில்லை வாங்கிவையுங்கள். தயாரிப்பாளருக்கே தன் பெட்டியின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பது வாரண்டியில் தெரியும். ஓராண்டு தருபவரும் உண்டு, பத்தாண்டு தருபவரும் உண்டு. ஐந்தாண்டுக்குக் குறையாமல் பாருங்கள். பழுதானால் அதைத் திருப்பிக் கொடுங்கள், நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.