முழங்கால் வலி: மாத்திரை வாங்கும் முன் அறிய வேண்டியவை

 

நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் மூட்டு வலி தொடர்பானவை எப்போதும் உண்டு. "இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், பலர் மருத்துவரின் சீட்டைக் காட்டுவதில்லை. "கடையில் வாங்கினேன்" என்கிறார்கள்.

என் உம்மாவும் அப்படித்தான். முழங்கால் வலிக்காகப் பல ஆண்டுகள் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார்கள். வாங்கிக் கொடுத்தவன் நான். அவர்களுக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. கால்கள் வீங்கியபோது அதுவும் மூட்டு வலியால் என்றே நினைத்தோம். இரத்தப் பரிசோதனை செய்தபோதுதான் சிறுநீரகம் பழுதாகியிருப்பது தெரிந்தது. சர்க்கரையோடு வலி மாத்திரையும் சேர்ந்து கெடுத்துவிட்டது என்றார் மருத்துவர். இன்னொரு வீட்டில் இப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்த வலி என்று அறிவோம்

முழங்காலில் எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. வயது, உடல் எடை, பழைய அடி ஆகியவற்றால் அது தேய்கிறது. இதுவே மூட்டுத் தேய்மானம். நடந்தால், படி ஏறினால் வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும். காலையில் எழுந்ததும் இருக்கும் விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் சரியாகிவிடும்.

முடக்குவாதம் வேறு. இரு கைகளின் சிறு மூட்டுகளும் சேர்ந்து வீங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும். இதைத் தாமதப்படுத்தினால் மூட்டுகள் உருக்குலைந்துவிடும். தொடக்கத்திலேயே மூட்டு நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் பெருவிரல் திடீரென்று இரவில் சிவந்து வீங்கினால் யூரிக் அமிலத்தால் வரும் வாதமாக இருக்கலாம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைவது பொதுவானது. அதற்கு வலி இருக்காது. சாதாரணமாக வழுக்கி விழுந்தாலே மணிக்கட்டோ இடுப்போ முறியும்போதுதான் தெரியவரும்.

மாத்திரையில் உள்ள ஆபத்து

டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்குமே தவிர, தேய்ந்த மூட்டை வளர்ப்பதில்லை. தொடர்ந்து சாப்பிட்டால் வயிற்றில் புண், இரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஏற்படலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பெயரும் சீட்டும் இல்லாமல் பொட்டலமாகத் தரப்படும் பொடி, உருண்டை ஆகியவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

செலவில்லாத சிகிச்சை

முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் அது மெலிகிறது. சுமை முழுவதும் மூட்டின் மீது விழுகிறது. எனவே தசையைப் பலப்படுத்துவதே முதல் மருந்து. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். தொடையை இறுக்கி அந்தத் துண்டை அழுத்தி, 5 வினாடிகள் வைத்திருந்து விடுங்கள். இப்படி 10 முறை, காலையும் மாலையும் செய்யுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; பொறுமை வேண்டும்.

உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. குத்துக்காலிட்டு உட்காருவதைத் தவிருங்கள். கழிவறையில் மேற்கத்திய இருக்கை வைத்துக்கொள்ளுங்கள். கைத்தடியை வலிக்கும் கால் பக்கமே பலரும் பிடிக்கிறார்கள். அது தவறு, வலது கால் வலித்தால் இடது கையில் பிடிக்க வேண்டும்.

தரையில் அமரவோ ஸஜ்தா செய்யவோ இயலாதவர்கள் வலியைச் சகித்துக்கொண்டு மூட்டை வருத்த வேண்டியதில்லை. இயலாதவருக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. எந்த அளவுக்கு நாற்காலியைப் பயன்படுத்தலாம் என்பதை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

காய்ச்சலுடன் மூட்டு சூடாகி வீங்குதல், விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, முதுகு வலியுடன் கால் மரத்தல் அல்லது சிறுநீர், மலம் கட்டுப்படாமை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அரசு உதவிகள்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதவர்களுக்கு வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மூட்டு முற்றிலும் தேய்ந்து, மற்ற வழிகள் பலனளிக்காதபோது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்ல தீர்வு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுகிறது. கடன் வாங்கும் முன் அங்கே கேளுங்கள். காப்பீட்டு அட்டை பெறுவதற்கான விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்திற்கு வரலாம், நிரப்பித் தருகிறோம்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தாய், தந்தையின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மருத்துவர் எழுதித் தராத வலி மாத்திரை அதில் இருந்தால், அதை எடுத்துக்கொண்டு அவர்களையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதைத்தான்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

தங்கள் துஆவை நாடும்,
செயலாளர்