வேலித் தலைக்கு வளைந்த சட்டம்

வளைவான பலகை வேலியின் தலையில் நேர்ச்சட்டத்தை வைத்து இழுத்து ஆணி அடித்தால் அது முறியும். கடன்பட்டு வாங்கிய மரம் விறகாகிவிடும். சூடேறிய மரம் நன்றாக நசுங்கும், ஆனால் அதிகம் நீளாது. வெளிப்புறம் பிளப்பது அதனாலேதான்.

நாம் கணுவில்லாத, முற்றாகக் காயாத சட்டத்தையே எடுக்கிறோம். மூடிய பலகைப் பெட்டியில், ஓர் அங்குலத் தடிப்புக்கு 1 மணித்தியாலம் கொதிநீராவியில் வைப்போம். பெட்டியில் ஆவி வெளியேறத் துளை வேண்டும், இல்லையேல் ஆபத்து. பிள்ளைகளையும் தூர நிறுத்துங்கள்.

எடுத்தவுடன், ஆறுமுன், நிலத்தில் அறைந்த முளைகளோடு சேர்த்து வளைத்துக் கட்டவேண்டும். சற்றுக் கூடுதலாகவே வளையுங்கள். அவிழ்த்ததும் கொஞ்சம் நிமிரும். ஒரு கிழமை கட்டோடு கிடக்கட்டும்.

உட்புறத்தை வாளால் கீறி வளைப்பாரும் உளர். சுகமான வேலைதான்; ஆனால் மழையில் நிற்கும் வேலியில் கீறலுக்குள் நீர் தங்கி மரம் உக்கிப்போகும்.