தலைவாயிற் காவலன்

பெரியதொரு வாணிப நிலையத்தின் வேலைகள் யாவற்றையும் முன்னர் ஒரே கணினி நிரல் செய்துவந்தது. இப்பொழுதோ பொருட்பட்டியலுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, பணம் பெறுதற்கு ஒன்று எனச் சிறுசிறு நிரல்களாகப் பிரித்து, வெவ்வேறு கணினிகளில் இயக்குகின்றனர். இவற்றை மைக்ரோசேர்விஸ், அஃதாவது நுண்சேவைகள் என்பர்.

பிரித்தது நன்றே. ஆனால், வாடிக்கையாளரின் கைத்தொலைபேசி இத்தனை சேவைகளின் முகவரிகளையும் அறிந்திருத்தல் வேண்டுமோ? அங்ஙனமாயின், ஒரு சேவையை வேறு கணினிக்கு மாற்றிய அன்றே தொலைபேசிகள் யாவும் வழிதெரியாது நிற்கும். ஆகவே, சேவைகளுக்கு முன்னே ஒரு தலைவாயிலை அமைக்கின்றனர். அதுவே ஏபிஐ கேட்வே.

அவ்வாயிலில் நிற்பது ரிவர்ஸ் புரொக்சி என்னும் நிரல். சாதாரணப் புரொக்சி, கேட்பவரின் சார்பில் வெளியே செல்லும் ஏவலாள்; இதுவோ கொடுப்பவரின் சார்பில் வாயிலில் நின்று, கோரிக்கையை உள்ளே கொண்டுபோய், மறுமொழியைத் தானே கொணர்ந்து தரும் காவலன். இவ்வகையில் பெயர்பெற்றது என்ஜின்எக்ஸ். இகோர் சிசோயெவ் என்னும் ரஷ்யர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்நிரலில், சில பணியாட்களே பல்லாயிரம் இணைப்புகளையும் மாறிமாறிக் கவனிப்பர்.

முகவரியைப் பார்த்து உரிய சேவைக்கு வழிகாட்டுதல், அடையாளச் சீட்டைச் சோதித்தல், அளவுக்கு மிஞ்சிக் கேட்போரை 429 என்னும் எண் சொல்லித் திருப்புதல் ஆகியன காவலனின் கடமைகள். சேவை குறித்த நேரத்துள் விடை தாராவிடின் 504 என்பான்; இணைப்பையே மறுத்தால் 502 என்பான். நள்ளிரவில் பழுதுபார்க்க எழுப்பப்படும் பொறியியலாளருக்கு இவ்வேறுபாடு பேருதவி.

பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. சீட்டைச் சோதித்த பின் காவலன், ‘இவர் இன்னார்’ என்று கோரிக்கையின் தலைப்பில் குறிப்பெழுதி அனுப்புவான். உள்ளிருக்கும் சேவைகள் அதனை நம்பி, மறுசோதனையின்றி வேலையைச் செய்துவிடும். வெளியாள் ஒருவன் அதே குறிப்பைத் தானே எழுதிக்கொண்டு வந்தால்? வந்த குறிப்பை அழித்துவிட்டுப் புதிதாக எழுதும்படி காவலனுக்குக் கட்டளையிடாவிடின், அவன் பிறர் கணக்கினுள் நுழைந்துவிடுவான். சேவையை நேரே அடையும் பக்கவழி திறந்திருப்பினும் இதே கதிதான். ஆதலின், வாயிலிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே சேவைகள் ஏற்குமாறு ஏனைய வழிகளை அடைத்தல் வேண்டும். பணம் கையாளும் சேவையாவது சீட்டைத் தானும் ஒருமுறை சோதித்தல் நன்று.

வாயில் ஒன்றேயாயின், அது விழும்பொழுது அனைத்தும் விழும். ஆகையால் ஒன்று நின்றால் மற்றது ஏற்குமாறு இரண்டேனும் வைப்பர். விலைக்கழிவைக் கணக்கிடுதல் போன்ற கடைவேலைகளையும் காவலன் தலையில் சுமத்துவோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. கழிவு விதி மாறுந்தோறும் எல்லோரும் புழங்கும் தலைவாயிலையே தொட வேண்டிவரும்.