டாக்டர்களுக்கும் வகுப்பு உண்டு!



மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைகிறார். "அப்பாடா! இனி இவருக்குப் பாடமும் இல்லை, வகுப்பும் இல்லை" என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! பட்டம் பெற்ற பிறகும் அவருக்கு வகுப்பு உண்டு, கரும்பலகை உண்டு, ஆசிரியரின் குறுக்குக் கேள்விகளும் உண்டு. ஒரே ஒரு வேறுபாடு. உங்கள் வகுப்பில் பாடம் புத்தகத்தில் இருக்கிறது. அவருடைய வகுப்பில் பாடம் கட்டிலில் படுத்திருக்கிறது!

அப்படிப்பட்ட ஒரு வகுப்புக்குள் இன்று நாமும் போய் உட்காருவோம், வாருங்கள்.

ஒரே குடும்பம், இரண்டு ஆஸ்பத்திரி

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு நோய் என்றால் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குப் போகிறார். மகளுக்கு நோய் என்றால், நகரின் நடுவே உள்ள இராசா மிராசுதார் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டும் ஒரே கல்லூரியைச் சேர்ந்தவைதாம். ஆனால் இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம் இருக்கிறது.

ஏன் இப்படித் தனித்தனியே வைத்திருக்கிறார்கள்? குழந்தை என்பது சிறிய உருவத்தில் உள்ள பெரியவர் அல்ல. ஓய்வாக இருக்கும்போது உங்கள் அப்பாவின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. பிறந்த குழந்தையின் இதயமோ 120 முதல் 160 முறை துடிக்கிறது! மருந்தின் அளவும் அப்படித்தான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமாலைக் குழந்தைக்கு எடை பார்த்தே கணக்கிடுவார்கள். ஆகவேதான் நம் நாட்டில் பொது மருத்துவத்துக்கு ஓர் எம்.டி. பட்டம், குழந்தை மருத்துவத்துக்கு வேறோர் எம்.டி. பட்டம். ஒவ்வொன்றும் 3 ஆண்டுப் படிப்பு.

ஆனால் நோய்க்கு இந்தப் பிரிவினை தெரியுமா? 8 வயதில் தொண்டைப்புண்ணாக வந்து, பிறகு மூட்டு வீக்கக் காய்ச்சலாக மாறும் நோய், 25 வயதில் இதய வால்வைச் சுருக்கிவிடுவது உண்டு. தொடக்கத்தைக் குழந்தை மருத்துவர் பார்க்கிறார். முடிவைப் பொது மருத்துவர் பார்க்கிறார். இருவரும் சந்தித்துப் பேசாவிட்டால் முழுக் கதை யாருக்கும் தெரியாது.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். 1967-இல் இரண்டு துறைகளையும் இணைத்து ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். மொத்தம் 4 ஆண்டுகள். பாதிக் காலம் பெரியவர்களிடம், பாதிக் காலம் குழந்தைகளிடம். இந்த இளம் டாக்டர்களின் அன்றாடப் படிப்பில் முக்கியமான பகுதி கூட்டங்கள்தாம். முந்திய நாள் சேர்ந்த நோயாளிகளைப் பற்றிப் பேசக் காலைக் கூட்டம். புதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை அலசிப் பார்க்க இதழ்க் கழகம். புதிர் போன்ற நோயாளி ஒருவரைப் பற்றி எல்லாரும் சேர்ந்து யோசிக்க ஒரு கூட்டம். இறந்துபோன நோயாளிகளைப் பற்றி ஆராய இன்னொரு கூட்டம்.

இத்தகைய கூட்டங்கள் நம் மருத்துவக் கல்லூரிகளிலும் உண்டு. சரி, நம் டெல்டாவில் இரு துறை மருத்துவர்களும் ஒரே அறையில் கூடுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். நோயாளியும் கற்பனைதான். ஆனால் நோய் உண்மையானது.

காலை எட்டு மணிப் புதிர்

ஓர் இளம் டாக்டர் எழுந்து சொல்கிறார்:

"7 வயதுச் சிறுமி. எடை 20 கிலோ. வயலை ஒட்டிய வீடு. நேற்று இரவு தரையில் பாய் விரித்துத் தூங்கினாள். விடியற்காலை 4 மணிக்கு வயிற்றுவலி என்று அழுதாள். ஒருமுறை வாந்தி எடுத்தாள். 6 மணிக்குக் கண் இமைகள் தாமாகச் சரிந்தன. இப்போது பேச்சு குழறுகிறது. காய்ச்சல் இல்லை. உடம்பில் காயமோ வீக்கமோ தெரியவில்லை."

இவ்வளவுதான். நோயின் பெயரை அவர் சொல்லமாட்டார். மற்றவர்கள்தாம் கண்டுபிடிக்க வேண்டும்.

"வயிற்றில் பூச்சியாக இருக்குமோ?" என்கிறார் ஒருவர். "பூச்சி இருந்தால் வயிறு வலிக்கலாம். இமை ஏன் சரிகிறது?" என்று மறுக்கிறார் இன்னொருவர்.

"தொண்டை அடைப்பான்?" அதிலும் நரம்புகள் தளர்வது உண்டு. ஆனால் அதற்கு முன் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்திருக்கும். நரம்புத் தளர்ச்சி தோன்றச் சில வாரங்கள் ஆகும். இவளுக்கோ எல்லாம் ஓர் இரவுக்குள் நடந்துவிட்டது.

அப்போது பொது மருத்துவர் ஒருவர் கேட்கிறார்: "தரையில் படுத்திருந்தாள் என்றீர்களே, கொசுவலை கட்டியிருந்தார்களா?" இல்லை என்கிறார் இளம் டாக்டர். "பெரியவர்கள் வார்டில் இதை நான் பார்த்திருக்கிறேன். நெற்களத்தில் காவலுக்குப் படுத்திருந்தவர் விடியற்காலை வயிற்றுவலியோடு எழுந்திருப்பார். சிறிது நேரத்தில் கண்ணைத் திறக்க முடியாது. கடித்தது கட்டுவிரியன்!"

கட்டுவிரியனின் பற்கள் மிகச் சிறியவை. தூங்குகிறவர்களை அது கடித்தால் பல வேளைகளில் வலியே தெரியாது, வீக்கமும் இராது. அதன் விஷம், நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும் இடத்தைத் தாக்குகிறது. முதலில் இமைத் தசை தளரும். பிறகு நாக்கும் தொண்டையும் தளரும். கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுவிடும். ஆகவே யோசிக்கக் கிடைத்திருக்கும் நேரம் குறைவு.

கணக்கு சரி, விடை தவறு!

நம் நாட்டு விஷமுறிவு மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும். குதிரைக்குச் சிறுகச் சிறுக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து இதைத் தயாரிக்கிறார்கள். அதற்கான விஷத்தைச் சேகரித்துத் தருவதில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இனிக் கேள்வி: சிறுமிக்கு எத்தனை குப்பி?

இளம் டாக்டர் கரும்பலகையில் எழுதுகிறார்: "60 கிலோ எடையுள்ளவருக்குத் தொடக்கத்தில் சுமார் 10 குப்பி. 20 கிலோ சிறுமிக்கு மூன்றில் ஒரு பங்கு. அதாவது 3 குப்பி போதும்."

நீங்களும் அப்படித்தானே கணக்கிட்டிருப்பீர்கள்? பேராசிரியர் சிரிக்கவில்லை. சாக்கட்டியை வாங்கிக்கொள்கிறார்.

"அளவெடுத்து அறிந்த கண்ணாடி விரியனை எடுத்துக்கொள்வோம். அது ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரியாக 63 மில்லிகிராம். 1 மில்லிலிட்டர் மருந்து 0.6 மில்லிகிராம் விஷத்தை முறிக்கும். ஒரு குப்பியில் 10 மில்லிலிட்டர் இருக்கிறது. எனவே ஒரு குப்பி 6 மில்லிகிராமை முறிக்கும். 63-ஐ 6-ஆல் வகுத்தால் சுமார் 10. இந்தக் கணக்கில் நோயாளியின் எடை எங்கே வருகிறது?"

வரவே இல்லை! பாம்பு எடை பார்த்துக் கடிப்பதில்லை. சிறுமியின் உடலிலும் பெரியவர் உடலில் ஏறும் அளவு விஷமே ஏறுகிறது; உடல் சிறியது என்பதால் ஆபத்துதான் அதிகம். ஆகவே குழந்தைக்கும் பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவு மருந்தைத்தான் கொடுக்க வேண்டும். கட்டுவிரியனுக்கும் விதி இதுவே. இதுநாள்வரை எல்லா மருந்தையும் எடைக்கு எடை குறைத்தே பழகிய கை, இங்கே குறைக்கக்கூடாது.

"பொறுங்கள்" என்கிறார் குழந்தை மருத்துவர். "மருந்து பெரியவருக்கு உள்ள அளவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கலந்து ஏற்றும் உப்பு நீரின் அளவு? கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர்தான். பெரியவருக்கு ஏற்றும் 500 மில்லிலிட்டரை இவளுக்கும் ஏற்றினால் உடல் தாங்காது. இவளுக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் போதும். குதிரைப் புரதம் ஒவ்வாமல் மூச்சுத் திணறினால் அட்ரினலின் போடவேண்டும். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், இவளுக்கு 0.2 மில்லிகிராம்."

பார்த்தீர்களா? விஷத்தை முறிக்கும் மருந்து விஷத்தின் அளவைப் பொறுத்தது. உடலில் வேலை செய்யும் மருந்து உடலின் எடையைப் பொறுத்தது. பாதி விடை ஒரு துறையிடம், மீதி விடை மற்றத் துறையிடம்! மூச்சுத் தசைகள் தளர்ந்தால் கருவி மூலம் மூச்சுக் கொடுத்துக் காக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் விவாதமே இல்லை. கட்டுவிரியன் கெடுத்த நரம்பு முனைகளை மருந்து உடனே சரிசெய்துவிடாது. அவை தாமாக மீளும்வரை, சில நாட்களானாலும், மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழக்கறிஞரிடம் கற்ற பாடம்

இப்படிப் புதிர் போட்டுப் படிக்கும் முறை எப்படி வந்தது தெரியுமா? 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் வால்டர் கானன் என்ற மருத்துவ மாணவர் இருந்தார். சொற்பொழிவுகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது. அவருடன் அறையில் தங்கியிருந்த சட்ட மாணவரோ உண்மையான வழக்குகளை வைத்துச் சுறுசுறுப்பாக விவாதித்துக்கொண்டிருந்தார். "நோயாளியின் வரலாற்றையும் ஏன் இப்படிப் படிக்கக்கூடாது?" என்று கானன் கட்டுரை எழுதினார். ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர் இந்த முறையை எடுத்து வளர்த்தார். கேபட் இன்னொன்றும் செய்தார். இறந்தவர்கள் 3,000 பேரின் பிணப் பரிசோதனை முடிவுகளை, உயிருடன் இருந்தபோது டாக்டர்கள் கணித்த நோயோடு ஒப்பிட்டார். எந்தெந்த நோயில் கணிப்பு அடிக்கடி தவறுகிறது என்று 1912-இல் வெளிப்படையாக எழுதினார்.

அதே பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், 1911 முதல் 1916 வரை தம் சொந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 337 பேரின் கணக்கை வெளியிட்டார். அதில் 123 தவறுகளை அவரே பட்டியலிட்டிருந்தார்! பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இன்று நடக்கும் மரண ஆய்வுக் கூட்டங்களுக்கு அவர் ஒரு முன்னோடி.

எல்லாவற்றிலும் கடினமான கூட்டம் இதுதான். நம் கற்பனைச் சிறுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் அவளை முதலில் பார்த்தவர் வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? அல்லது 3 குப்பியோடு நிறுத்தியிருந்தால்? அவள் பிழைக்காமல் போயிருக்கலாம். அப்போது அந்த அறையில் "யார் செய்தது?" என்பது முதல் கேள்வி ஆகாது. "ஏன் அப்படித் தோன்றியது? அடுத்த குழந்தைக்கு அது நேராமல் என்ன செய்வது?" என்றே கேட்க வேண்டும். அதன் விடை வார்டுச் சுவரில் ஓர் அட்டையாகத் தொங்கும்: "தரையில் படுத்த குழந்தைக்கு விடியற்காலை வயிற்றுவலியா? இமையைப் பார். விஷமுறிவு மருந்தைக் குறைக்காதே."

நீங்களும் நடத்தலாம்

அடுத்த கணக்குத் தேர்வு விடைத்தாள் வந்ததும் ஐந்து பேர் கூடுங்கள். ஒருவர் தாம் தவறவிட்ட ஒரு கணக்கைப் பெயர் மறைக்காமல் பலகையில் எழுதட்டும். எந்த அடியில், ஏன் வழி தவறியது என்று மற்றவர்கள் கண்டுபிடியுங்கள். கேலி மட்டும் கூடாது. கேலி செய்தால் அடுத்த முறை யாரும் தவறைக் காட்டமாட்டார்கள்.

இன்றைக்கே வீட்டில் சொல்லவேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. தரையில் படுத்தாலும் கொசுவலையைக் கட்டி, ஓரங்களைப் பாயின் அடியில் செருகுங்கள். இரவில் வரப்பில் போனால் டார்ச் விளக்கு வேண்டும். பாம்பு கடித்தால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. எலும்பு முறிந்தால் செய்வதுபோலக் கடிபட்ட காலையோ கையையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். காயம் தெரியாவிட்டாலும், இரவு எங்கே படுத்திருந்தார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்து புதிரை அவிழ்ப்பவர்களுக்கு அந்த ஒரு செய்தியே போதுமானதாக இருக்கலாம்.