பீம் போட்ட பிறகு கூப்பிடாதீர்கள்

"கட்டடம் முடிஞ்சிருச்சு சார், ஏசி மட்டும்தான் பாக்கி." இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் என்னை இன்றும் பயமுறுத்துகிற வாக்கியம் இதுதான்.

சென்னையில் ஒரு நான்கு மாடி ஜவுளிக்கடை. பீமுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் விட்டிருந்தார்கள். குளிர்காற்று போகும் டக்டுக்கு அங்கே இரண்டடி தேவை. தட்டையாகச் செய்து எப்படியோ நுழைத்தோம். காற்று விசிலடித்தது, கரண்ட் பில் ஏறியது. வரைபடம் போடும்போதே கூப்பிட்டிருந்தால் பீமில் வழி விட்டிருக்கலாம்.

"எத்தனை டன் சார்?" என்பார்கள். டன் என்பது மெஷினின் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகம், சுமார் 3.5 கிலோவாட். சதுர அடியை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. மேற்குப் பார்த்த கண்ணாடி, விளக்குகள், கூட்டம் எல்லாம் கணக்கில் வரும். சும்மா உட்கார்ந்திருப்பவரே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். தீபாவளிக்கு 300 பேர் நுழைந்தால் அதற்கே எட்டரை டன்!

அதற்காகப் பெரிதாகப் போட்டுவிடவும் கூடாது. பெரிய மெஷின் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும். கடலோரக் காற்றின் ஈரத்தைப் பிழிய நேரமிருக்காது. அறை சில்லென்றிருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த ஏசியே நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரத்தை அடக்கத்தான்.

மேற்குச் சுவருக்கு முதலில் நிழல் கொடுங்கள். டன் கணக்கு அங்கேயே குறையத் தொடங்கும்.