மீனும் பார்மலினும்

கடலைக் கண்டிராத கிராமங்களின் வாரச் சந்தைகளிலும் இன்று கடல் மீன் விற்கப்படுகிறது. இதனை நாம் வரவேற்கிறோம். மத்தியும் நெத்திலியும் போல மலிவும் சத்தும் ஒருங்கே அமைந்த உணவு ஏழைகளுக்கு வேறு எளிதிற் கிட்டாது. ஆயினும், பல நாள் பயணம் செய்து வந்த மீன் கெடாமலிருப்பது எதனால் என்று கேட்டறிவது அவசியமாகும்.

நேர்மையான வழி பனிக்கட்டியே. ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி இட்டு, உருக உருக மீண்டும் இட வேண்டும். இதற்குச் செலவு உண்டு. லாரியில் பாதி இடமும் போய்விடும். இச்செலவை மிச்சப்படுத்த விரும்பும் சிலரே பார்மலினை நாடுகின்றனர்.

பார்மால்டிஹைடு என்னும் வாயுவை ஏறக்குறைய 37 சதவீத அளவில் நீரிற் கரைத்தால் கிடைப்பது பார்மலின். மருத்துவக் கல்லூரிகளில் பிணங்களைக் கெடாமல் வைக்க உதவுவது இதுவே. இது கிருமிகளைக் கொல்வதோடு, தசையிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கியும் விடுகிறது. உண்பவர்க்கு வாயிலும் வயிற்றிலும் எரிச்சல் உண்டாகலாம். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் முடிவு செய்தது. அம்முடிவு பெரும்பாலும் அதனைச் சுவாசித்த தொழிலாளரிடம் கண்டவற்றை ஆதாரமாகக் கொண்டது. ஆகவே, மீனில் இதனைத் தெளிக்கும் கூலியாளே முதலில் அபாயத்திற்கு ஆளாகிறான். கழுவுவதாலும் வேகவைப்பதாலும் நஞ்சு முற்றிலும் நீங்கிவிடும் என்று கொள்வதற்கில்லை.

2018 ஜூன் மாதத்தில் கேரள அரசின் உணவுப் பாதுகாப்புத் துறையினர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அமரவிளை, ஆரியங்காவு சோதனைச்சாவடிகளில் ஆயிரக்கணக்கான கிலோ மீனைப் பிடித்தனர். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் உருவாக்கிய சோதனைத் தாள் அப்போது பெரிதும் பயன்பட்டது. தாளை மீனின் மேல் தேய்த்து, உடன் தரப்படும் கரைசலில் ஒரு துளி விட்டால், சில நிமிடங்களில் நிறம் மாறிக் காட்டிவிடும்.

ஈ மொய்க்காத மீன் நஞ்சூட்டிய மீன் என்று பலர் சொல்வர். பனிக்கட்டியில் மூடிய மீனையும் ஈ அதிகம் நாடாது; ஆதலின் இதனை நம்பலாகாது. கண் குழிந்து, செவுள் வெளுத்து, தசை மட்டும் ரப்பர் போல விறைத்திருந்தால் ஐயுறலாம். சிலவகை மீன்களில், இறந்தபின், பார்மால்டிஹைடு சிறிதளவு தானாகவே உண்டாவதும் உண்டு. எனவே வதந்தியைக் கேட்டு, கூடை சுமந்து விற்கும் பெண்களின் பிழைப்பைக் கெடுத்தல் முறையன்று. ஆய்வுக்கூடமே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அதற்குச் சட்டத்தில் வழியுண்டு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்குபவர் எவரும், வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் செய்யலாம். குற்றம் காணப்பட்டால் கட்டணம் திருப்பித் தரப்படும். விவசாயி ஒருவர் தனியே இதற்கு அலைவது கடினம்; பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதி, சந்தை நாளில் அவரை வரவழைப்பது எளிது. சந்தையைக் குத்தகைக்கு விடும்போது, பனிக்கட்டிப் பெட்டியின்றி மீன்கடை வைக்கலாகாது என்னும் நிபந்தனையையும் சேர்க்கலாம். கடைகளுக்கு நல்ல தண்ணீரும் நிழலும் தருவது பஞ்சாயத்தின் பொறுப்பு.