பரணில் உறங்கும் மடிக்கணினி

தொப்பம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில், பழைய துணிமணிகளுக்கிடையே அரசு தந்த மடிக்கணினி ஒன்று உறங்கும் வீடுகள் உண்டு. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கொடை அது. அதில் படித்த அண்ணன் வேலைக்குச் சென்றுவிட்டான். இன்று கல்லூரியில் சேரும் தங்கை, "இது நகரவே மாட்டேன் என்கிறது, அப்பா, புதியது வேண்டும்" என்கிறாள். தந்தையோ யாரிடம் வட்டிக்கு வாங்கலாம் என்று சிந்திக்கலானார்.

அன்பு வாசகர்களே, கடன்படுமுன் சற்று ஆராய்வோம்.

கணினியின் நினைவகத்தைப் படிக்கும் மேசை என்றும், வன்தட்டைப் புத்தக அலமாரி என்றும் கொள்வோம். மேசை சிறிதானால் ஒவ்வொரு புத்தகத்திற்கும் எழுந்து அலமாரிக்கு நடக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளின் கணினிகளில் பெரும்பாலும் 2 ஜிபி நினைவகமே இருந்தது. அன்றைய பாடங்களுக்கு அது போதியது. இன்றைய இணையப் பக்கங்களுக்குப் போதவில்லை. ஆகவே தளர்ந்தது கணினியன்று, மேசையே சிறியது.

இதை நாமே சோதிக்கலாம். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்கே நினைவகம் எந்நேரமும் நிரம்பி நின்றால், அதைக் கூட்டுவது நற்பயன் தரும். நிரம்பாமலே வேகம் குன்றினால் நோய் வேறு. பழைய வன்தட்டை நீக்கி எஸ்எஸ்டி பொருத்துவது பெரும்பாலும் அதற்கு மருந்தாகும்.

வாங்குமுன் மூன்றைக் கவனிக்க வேண்டும். டிடிஆர்3 வகைக்குரிய இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. அந்தக் கணினி எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பதையும் அறிய வேண்டும். 32-பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் சேர்ப்பது வீண். சில மாதிரிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது. பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ பழுதுபார்ப்பவரிடம் காட்டி, விலையையும் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்க. வீட்டிலேயே பொருத்துவோர் மின்னிணைப்பைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்தது. எனவே பழைய கணினியில் இலவசமாகக் கிடைக்கும் எளிய லினக்ஸ் வகை ஒன்றை நிறுவுவது பாதுகாப்பானது. கட்டுரை எழுதவும், பாடக் காணொளி காணவும் அதுவே போதும்.

எல்லாக் கணினியும் பிழைக்கும் என்று நாம் சொல்லவில்லை. தாய்ப்பலகை பழுதானதற்குச் செலவிடுவது வீணே. அத்தகையதையும் குப்பையில் எரிக்கலாகாது. மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' மடலில், தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். அப்பங்களைப் பகிர்ந்தளித்த ஆண்டவரும், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னார்; பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நம் வீட்டுப் பரணிலும் அத்தகைய கூடை ஒன்று இருக்கலாம். வட்டிக்காரரின் வாசலை மிதிக்குமுன் அதை இறக்கிப் பார்ப்போமா?